சென்சார் தகவலுக்கு எவ்வளவு செலவழிக்கலாம்? மருந்துக் குளிர் அறையை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

மருந்து மொத்த வியாபாரம் செய்கிறவர்கள் குளிர் அறைக்கு வெப்பநிலை சென்சார் மாட்டலாம் என்று முடிவெடுத்ததும் கேட்கிற முதல் கேள்வி, "எந்த சென்சார் நல்லது?" உண்மையில் அது நாலாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. அதை முதலிலேயே கேட்டுவிட்டால், விற்க வந்தவர் தன்னிடம் இருப்பதிலேயே விலை கூடியதைக் காட்டுவார், நீங்கள் பேரம் பேசி அதற்கு அடுத்ததை வாங்குவீர்கள், கொஞ்ச நாளில் வாட்ஸ்அப்பில் அலாரம் மேல் அலாரமாக வந்து குவியும், ஒருவரும் திறந்து பார்க்க மாட்டார்கள். சிலர் நேர்மாறாகப் போவார்கள். ஆன்லைனில் கிடைத்த மலிவான சென்சாரை வாங்கி ஃபிரிட்ஜ் கதவருகே ஒட்டிவிடுவார்கள். அது பாட்டுக்கு 6 டிகிரி என்று காட்டிக்கொண்டிருக்கும், பின்சுவரை ஒட்டி வைத்த இன்சுலின் உறைந்து கிடக்கும்.

இரண்டிலும் கோளாறு ஒன்றுதான்: இந்தத் தகவலை வைத்து யார் என்ன முடிவெடுக்கப் போகிறார் என்று யோசிக்காமலே தகவலுக்குப் பணம் கொடுத்திருக்கிறார்கள். என் கட்சி இதுதான்: எந்த முடிவையும் மாற்றாத துல்லியத்துக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். முடிவை மாற்றும் என்றால் கஞ்சத்தனம் வேண்டாம்.

பேச வசதியாக ஒரு கோடவுனை எடுத்துக்கொள்வோம். ஒரு வாக்-இன் கூலர் (ஆள் உள்ளே நடந்து போகிற குளிர் அறை), ஆறு ஃபிரிட்ஜ். உள்ளே இருப்பது இன்சுலின், தடுப்பூசி மாதிரி 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டிய சரக்கு. நீங்கள் செய்வது மீன், பால், ஐஸ்கிரீம் என்றால் எண்கள் மாறும், கணக்குப் போடும் முறை மாறாது.

படி 1: முடிவுகளை எழுதுங்கள், சென்சாரை அல்ல

ஒரு தாளில், இந்த வெப்பநிலைத் தகவல் வந்தால் யார் என்ன செய்வார் என்று எழுதிப் பாருங்கள். நம் கோடவுனில் நாலு முடிவுகள்தான் தேறும்.

முதலாவது, ராத்திரியில் யாராவது எழுந்து வந்து சரக்கை வேறு ஃபிரிட்ஜுக்கு மாற்ற வேண்டுமா என்பது. இதற்குத் தகவல் சீக்கிரம் வர வேண்டும், ஆனால் 9.1 டிகிரியா 9.4 டிகிரியா என்பது யாருக்கும் தேவையில்லை. இரண்டாவது, காலையில் இந்த பேட்சை அனுப்பலாமா, தனியே எடுத்து நிறுத்திவைக்க வேண்டுமா என்பது. இங்கே அவசரம் இல்லை, ஆனால் எண் துல்லியமாக இருக்க வேண்டும், ராத்திரி முழுக்க ஒரு இடைவெளி இல்லாமல் பதிவும் இருக்க வேண்டும். மூன்றாவது, மெக்கானிக்கைக் கூப்பிடலாமா என்பது. கம்ப்ரசர் முன்பு மணிக்கு 20 நிமிடம் ஓடியது, இப்போது 40 நிமிடம் ஓடுகிறது என்று தெரிந்தாலே போதும், சென்சார் அரை டிகிரி தப்பாகக் காட்டினால்கூடப் பரவாயில்லை, தினமும் ஒரே மாதிரி தப்பாகக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். நாலாவது, ஆய்வுக்கு வருகிறவரிடமோ மருந்துக் கம்பெனியின் ஆடிட்டரிடமோ காட்டும் பதிவு. அங்கே கேலிபரேஷன் சான்றிதழ்தான், அதாவது கருவி சரியாக அளக்கிறது என்று சோதித்துத் தரும் சான்றிதழ்தான் பேசும்.

நாலுக்கும் வேண்டிய தரம் வேறு வேறு. எல்லாவற்றுக்கும் சேர்த்து "ரொம்பத் துல்லியமாக, நொடிக்கு நொடி, உடனுக்குடன்" என்று ஒரே சாதனத்தைக் கேட்பதால்தான் பட்ஜெட் எகிறுகிறது.

இதை ரொம்ப அழகாகச் செய்துகாட்டியவர்கள் தடுப்பூசித் துறைக்காரர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் விதிப்படி தடுப்பூசி ஃபிரிட்ஜில் வைக்கும் 30 நாள் லாக்கர்களில் (logger, வெப்பநிலையைத் தானாகப் பதிந்துவைக்கும் கருவி) அலாரம் இப்படி அமைந்திருக்கும்: 8 டிகிரிக்கு மேல் தொடர்ந்து 10 மணி நேரம் இருந்தால் அலாரம், மைனஸ் 0.5 டிகிரிக்குக் கீழே 60 நிமிடம் இருந்தாலே அலாரம். ஏன் இந்த ஓரவஞ்சனை? சூடு பெரும்பாலான தடுப்பூசிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கெடுக்கும், ஹெபடைடிஸ் பி மாதிரியானவை உறைந்துவிட்டால் அப்போதே போச்சு. கெடுகிற வேகத்தைப் பார்த்து அலாரத்தின் வேகத்தை வைத்திருக்கிறார்கள்.

அதைவிட எனக்குப் பிடித்தது, குப்பி மேல் ஒட்டியிருக்கும் அந்தச் சின்ன வட்ட லேபிள். 1996 முதல் போலியோ சொட்டு மருந்தில் வருகிறது. வட்டத்துக்குள் வெளிர் நிறச் சதுரம். சூடு பட்டதெல்லாம் சேரச் சேரச் சதுரம் கறுக்கும். சுற்றியுள்ள வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் அந்த மருந்தைப் போடக் கூடாது. பேட்டரி, இணையம் எதுவும் இல்லை, எத்தனை டிகிரி என்றுகூடச் சொல்லாது. ஆனால் கிராமத்துச் செவிலியருக்கு வேண்டிய ஒரே ஒரு முடிவை, போடலாமா வேண்டாமா என்பதை, அங்கேயே சொல்லிவிடும். (உறைந்ததா என்பதை அது காட்டாது, அதற்கு வேறு ஏற்பாடு.)

படி 2: ரூபாயில் எழுதுங்கள்

ஒவ்வொரு முடிவுக்கும் பக்கத்தில், தப்பாகப் போனால் என்ன நஷ்டம் என்று எழுதுங்கள். ஒரு ஃபிரிட்ஜில் 2 லட்சம் ரூபாய்ச் சரக்கு, வருடத்துக்கு ஒரு தடவை ராத்திரியில் ஃபிரிட்ஜ் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அலாரமே இல்லையென்றால் வருடத்துக்கு 2 லட்சம் போகும். பத்தில் எட்டுத் தடவை ஆள் வந்து காப்பாற்றிவிடுகிற மாதிரி ஒரு ஏற்பாடு இருந்தால், அதன் மதிப்பு வருடத்துக்கு 1,60,000. எட்டை ஒன்பதாக்கும் மேம்பாட்டின் மதிப்பு? 20,000 ரூபாய்தான். அதற்குமேல் செலவு வைக்கிற எதுவும், எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், இந்த முடிவைப் பொறுத்தவரை நஷ்டம்.

இன்னொன்றையும் கேளுங்கள்: அந்த இரண்டு தடவை ஏன் தவறுகிறது? பெரும்பாலும் சென்சார் தப்பாகக் காட்டியதால் இருக்காது. ஸ்டோர் கீப்பரின் போன் சைலண்டில் இருந்திருக்கும். அப்படியென்றால் அந்த 20,000 போக வேண்டிய இடம் விலை உயர்ந்த சென்சார் அல்ல, எடுக்கும்வரை மாற்றி மாற்றி மூன்று பேருக்குக் கால் போடுகிற ஏற்பாடு. இந்தக் கேள்வியைக் கேட்டாலே பாதிக் கொள்முதல் ரத்தாகும்.

படி 3: துல்லியத்துக்குக் கணக்குப் போடுங்கள்

இப்போது கேட்கலாம், எந்த சென்சார் என்று.

எல்லை 2 முதல் 8 வரை, அதாவது 6 டிகிரி அகலம். சென்சாரின் பிழையை இரு பக்கமும் கழித்துவிட்டுத்தான் அலாரம் வைக்க வேண்டும், அப்போதுதான் அலாரம் அடிக்காதவரை சரக்கு நிச்சயமாக எல்லைக்குள் இருக்கிறது என்று சொல்ல முடியும். பள்ளிக்கூட ப்ராஜெக்ட்களில் பார்க்கிற நீல நிற டிஎச்டி11 சென்சாரின் பிழை கூட்டவோ குறைக்கவோ 2 டிகிரி. கழித்தால் மிச்சம் 4 முதல் 6 வரை, வெறும் 2 டிகிரி. ஃபிரிட்ஜ் கம்ப்ரசர் ஓடி நிற்கும்போதே வெப்பநிலை அந்த அளவுக்கு ஏறி இறங்கும், ஆக அலாரம் நாள் முழுக்க அடிக்கும்.

ஸ்டீல் குழாய்க்குள் வரும் டிஎஸ்18பி20-இன் பிழை அரை டிகிரி. மிச்சம் 2.5 முதல் 7.5 வரை, 5 டிகிரி அகலம், தாராளம். எஸ்எச்டி31 என்றால் பிழை சுமார் 0.2 டிகிரி, 2.2 முதல் 7.8 வரை. முதல் தாவலில் 3 டிகிரி லாபம், அடுத்த தாவலில் 0.6 டிகிரிதான். உங்கள் ஃபிரிட்ஜ் வழக்கமாக 4-க்கும் 6-க்கும் நடுவே ஆடுகிறது என்றால் அந்த 0.6 எந்த முடிவையும் மாற்றாது. 7.2 வரை போய்வருகிற பழைய ஃபிரிட்ஜாக இருந்தாலும், அந்தக் காசை சென்சாரில் போடுவதைவிட கதவு ரப்பரை மாற்றுவதில் போடுவது மேல்.

ஆடிட்டுக்கென்று ஒரு பிடி100 கருவியை (பிளாட்டினம் வெப்பமானி) ஏ கிரேடில் வாங்கலாம், 0 டிகிரியில் அதன் பிழை 0.15. ஒன்றே ஒன்று வாங்கி, அதை மட்டும் வருடா வருடம் என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் இந்திய அமைப்பு) அங்கீகாரம் உள்ள ஆய்வகத்துக்கு அனுப்பி, மற்ற மலிவு சென்சார்களை அதோடு ஒப்பிட்டு எழுதி வையுங்கள். ஒவ்வொரு சென்சாருக்கும் தனிச் சான்றிதழ் எடுப்பதைவிட இது ரொம்பக் குறைச்சல். ஆனால் நீங்கள் விநியோகிக்கிற கம்பெனியின் ஒப்பந்தத்தில் "ஒவ்வொரு கருவிக்கும்" என்று இருக்கிறதா என்பதை முன்கூட்டியே படித்துவிடுங்கள், அப்படி இருந்தால் இந்தச் சிக்கனம் செல்லாது.

படி 4: எத்தனை நிமிடத்துக்கு ஒரு தடவை

நொடிக்கு ஒன்று என்றால் ஒரு சென்சார் ஒரு நாளில் 86,400 பதிவு தரும். 5 நிமிடத்துக்கு ஒன்று என்றால் 288. அந்த 86,400-இல் என்ன கூடுதலாகத் தெரியும்? கதவு திறந்ததும் மூடியதும் தெரியும். காற்று சட்டென்று சூடாகும், குப்பிக்குள் இருக்கும் மருந்து அவ்வளவு சீக்கிரம் சூடாகாது. நமக்கு வேண்டியது மருந்தின் வெப்பநிலை.

இதற்கு ஒரு மலிவான தந்திரம் உண்டு. சென்சார் முனையைக் காற்றில் தொங்கவிடாமல், கிளைக்கால் (glycol) என்ற திரவம் நிரப்பிய சின்ன பாட்டிலுக்குள் வைப்பது. கிளைக்கால் குப்பி மருந்து மாதிரியே மெதுவாகத்தான் சூடாகும், குளிரும். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி-யின் தடுப்பூசி வழிகாட்டுதலிலும் இப்படி மூடிய முனையைத்தான் சொல்கிறார்கள். அதே இடத்தில் பதிவு இடைவெளி அதிகபட்சம் 30 நிமிடம், பிழை அரை டிகிரிக்குள் என்றும் இருக்கிறது. உயிர் காக்கும் மருந்துக்கே அரை மணி போதும் என்கிறபோது உங்களுக்கு எதற்கு நொடிக்கு நொடி? 5 நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள், கம்ப்ரசர் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பதும் அதிலேயே ஓரளவு பிடிபடும்.

ஒரு விதிவிலக்கு. மெக்கானிக் முடிவுக்காக மட்டும் ஒரு சென்சாரைக் காற்றிலேயே விட்டுவைக்கலாம். கிளைக்காலுக்குள் போனால் கம்ப்ரசரின் ஏற்ற இறக்கம் மழுங்கிவிடும். அந்தச் சென்சாருக்கு அலாரம் வைக்காதீர்கள்.

படி 5: எங்கே மாட்டுவது

பணம் மிச்சமாகிற பெரிய இடம் இதுதான், பலரும் தாண்டிப் போகிற இடமும் இதுதான். வாக்-இன் கூலருக்குள் வெப்பநிலை ஒரே சீராக இருக்காது. கதவுக்கு மேலே, மேல் ரேக்கில் சூடு. ஃபேன் காற்று நேராக அடிக்கிற இடத்தில் கடுங்குளிர். ஃப்ராஸ்ட்-ஃப்ரீ ஃபிரிட்ஜில் குளிர்காற்று வெளிவரும் துளைக்கு முன்னால் வைத்த பெட்டி உறைந்தே போகும். நடுவில் ஒரு சென்சார் மாட்டி 5 டிகிரி பார்த்துத் திருப்திப்படுவது, இந்த இரண்டு ஓரத்தையும் பார்க்காமல் விடுவது.

அதனால் முதலில் வரைபடம் எடுங்கள். பத்துப் பதினைந்து லாக்கர்களை இரண்டு மூன்று நாளுக்கு வாடகைக்கு எடுத்து, ரேக் ரேக்காக, மூலை மூலையாக வைத்து ஓட விடுங்கள். அக்னி நட்சத்திர நாட்களில் ஒரு தடவை, மார்கழி தை வாக்கில் ஒரு தடவை. சரக்கு நிரம்பியிருக்கும்போது எடுத்தால் நல்லது, ஏனென்றால் காலி அறையில் காற்று ஓடுகிற விதமே வேறு. கடைசியில் மிக வெப்பமான இடம் ஒன்று, மிகக் குளிர்ந்த இடம் ஒன்று தெரிந்துவிடும். நிரந்தரமாக அந்த இரண்டில் மட்டும் சென்சார் போதும். கண்ணை மூடிக்கொண்டு வரிசையாக மாட்டிய எட்டு சென்சாரைவிட இந்த இரண்டு கூடுதலாகச் சொல்லும். ரேக்கை நகர்த்தினாலோ ஃபேனை மாற்றினாலோ வரைபடத்தை மறுபடி எடுக்க வேண்டும்.

ஃபிரிட்ஜுக்கு இவ்வளவு வேண்டாம். துளைக்கு அருகே ஒன்று, அதுவே போதும், ஏனென்றால் அங்கேதான் உறையும்.

படி 6: அனுப்புவதும் பேட்டரியும்

அளப்பது மலிவு, அனுப்புவதுதான் செலவு. ஒரு கணக்குப் பார்ப்போம். வைஃபை உள்ள இஎஸ்பி32 என்ற குட்டிக் கட்டுப்பாட்டு போர்டு ஒன்று விழித்து, ரௌட்டரோடு இணைந்து, அனுப்பிவிட்டுத் தூங்க 5 நொடி, அப்போது சராசரியாக 120 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், ஒரு தடவைக்கு சுமார் 0.17 மில்லி ஆம்பியர்-மணி. நிமிடத்துக்கு ஒரு தடவை அனுப்பினால் நாளுக்கு 240. 2600 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளளவு உள்ள 18650 லித்தியம் செல் பதினோரு நாளில் காலி. 15 நிமிடத்துக்கு ஒரு தடவை என்றால் நாளுக்கு 16, ஐந்து மாதத்துக்கு மேல் வரும். 5 நிமிடத்துக்கு ஒரு தடவை அளந்து உள்ளேயே சேமித்து, மணிக்கு ஒரு தடவை மட்டும் மொத்தமாக அனுப்பினால் நாளுக்கு 6-க்குள் அடங்கும், காகிதக் கணக்குப்படி ஒரு வருடம் தாண்டும். (காகிதக் கணக்கு என்று சொல்வதற்குக் காரணம், கடையில் கிடைக்கிற டெவலப்மெண்ட் போர்டுகள் தூக்கத்திலும் மின்சாரத்தை உறிஞ்சும்.)

"மணிக்கு ஒரு தடவை என்றால் அலாரம் தாமதமாகுமே" என்பீர்கள். ஆகாது. விதியை இப்படி வையுங்கள்: எல்லைக்குள் இருந்தால் மணிக்கு ஒரு தடவை, எல்லையைத் தாண்டினால் உடனே. மணிக்கு ஒரு தடவை வரும் தகவல் "நான் உயிரோடு இருக்கிறேன்" என்பதற்கும் சாட்சி. இரண்டு தடவை தொடர்ந்து வராவிட்டால் அதையே ஒரு அலாரமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, குளிர் அறையின் சுவர் தகரம் போர்த்திய பஃப் (நுரை) பேனல், வைஃபை உள்ளேயிருந்து சரியாக வெளியே வராது. கம்பியோடு வரும் சென்சாரை வாங்கி முனையை மட்டும் உள்ளே விடுங்கள், போர்டும் பேட்டரியும் வெளியே இருக்கட்டும், ஈரம் கோத்துக் கெடுவதும் மிச்சம். கோடவுன் பெரிதாக, பல கட்டடமாக இருந்தால் லோரா (குறைந்த மின்சாரத்தில் தூரமாக அனுப்பும் ரேடியோ முறை) பார்க்கலாம். இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம். ஒரே கட்டடத்துக்கு அது தேவையே இல்லை.

படி 7: அலாரத்தைக் கஞ்சத்தனமாக வையுங்கள்

மனிதர்களின் கவனம் எந்தச் சென்சாரைவிடவும் விலை அதிகம், ஆனால் அதற்கு பில் வராததால் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. 20 சென்சார், ஒவ்வொன்றும் ஐந்து நாளைக்கு ஒரு பொய் அலாரம் என்றால், தினம் 4 பொய் அலாரம். ஒரு மாதம் தாங்குவார்கள், அப்புறம் குரூப்பை மியூட் செய்துவிடுவார்கள். அதோடு நீங்கள் போட்ட முதலீடு முழுக்கப் போச்சு.

தாமதம் வையுங்கள். மேல் எல்லையைத் தாண்டி 30 நிமிடம் இருந்தால்தான் அலாரம், டிஃப்ராஸ்ட் (படிந்த பனியை உருக்குவது) ஓடும் நேரமும் சரக்கு ஏற்றி இறக்கும் நேரமும் அதற்குள் கழிந்துவிடும். கீழ் எல்லைக்கு 10 நிமிடம் போதும். வாட்ஸ்அப் செய்தி பகலுக்கு, போன் கால் ராத்திரிக்கு. அலாரத்தில் "ஃபிரிட்ஜ் 3, 9 டிகிரி" என்று மட்டும் எழுதாமல், "ஃபிரிட்ஜ் 3-இல் உள்ளதை ஃபிரிட்ஜ் 5-க்கு மாற்றுங்கள், முடிந்ததும் 1 அழுத்துங்கள்" என்று இருக்க வேண்டும். அரைத்தூக்கத்தில் எழுந்தவர் யோசிக்க வேண்டியதே இருக்கக் கூடாது.

படி 8: விடுபட்ட தகவலும் பொய்த் தகவலும்

கரண்ட் போகும்போதுதான் தகவல் தேவை, கரண்ட் போனதும் ரௌட்டரும் போய்விடும். எனவே பதிவு சாதனத்துக்குள்ளேயே நடக்க வேண்டும், கரண்ட் வந்ததும் பின்தேதியிட்டு அனுப்ப வேண்டும். அதற்கு நேரம் சரியாக இருக்க வேண்டும். டிஎஸ்3231 கடிகாரச் சில்லு ஒன்று சேர்த்தால் வருடத்துக்கு ஓரிரு நிமிடத்துக்கு மேல் பிசகாது. ரௌட்டருக்கு ஒரு குட்டி யுபிஎஸ். இந்த இரண்டும் சேர்ந்து, காலையில் "ஆறு மணி நேரம் பதிவு இல்லை, என்ன ஆனதென்று தெரியவில்லை, மொத்தத்தையும் நிறுத்திவை" என்கிற நிலையைத் தவிர்க்கும். தப்பான தகவலைவிட இல்லாத தகவல்தான் பேட்ச் முடிவில் அதிகம் செலவு வைக்கும்.

டிஎஸ்18பி20 வைத்திருப்பவர்கள் இரண்டு எண்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: 85 மற்றும் மைனஸ் 127. முதலாவது, அளவை முடியும் முன்பே படித்துவிட்டால் அது காட்டும் தொடக்க எண். இரண்டாவது, கம்பி அறுந்தால் அர்டுயினோ போர்டுகளுக்கான மென்பொருள் நூலகம் தருவது. இரண்டும் வெப்பநிலை இல்லை. வடிகட்டாமல் விட்டால் 5 டிகிரியில் இருந்த நாளின் 288 பதிவில் ஒரே ஒரு 85 சராசரியை 0.28 டிகிரி உயர்த்தும். ஆடிட்டர் பார்க்கிற அறிக்கையில் "அதிகபட்சம் 85" என்று வேறு நிற்கும், அதற்கு விளக்கம் எழுதியே ஒரு நாள் போகும். அவற்றை "பதிவு இல்லை" என்று குறியுங்கள், அழிக்காதீர்கள்.

படி 9: வருடத்துக்கு ஒரு தடவை ஐஸ் சோதனை

சென்சார்கள் காலப்போக்கில் நகரும், தவிர டிஎஸ்18பி20-இல் போலிகள் சந்தையில் ஏராளம். வாங்கியதும் ஒரு தடவை, பிறகு வருடத்துக்கு ஒரு தடவை, இதைச் செய்யுங்கள்: சுத்தமான தண்ணீரில் செய்த ஐஸை நன்றாக நொறுக்கி ஒரு பிளாஸ்கில் நிரப்புங்கள், இடைவெளி நிரம்புகிற அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள், ஐஸ் மிதக்கிற அளவுக்கு வேண்டாம். சென்சார் முனை அடியையோ பக்கத்தையோ தொடாமல் நடுவில் இருக்கட்டும். நன்றாகக் கலக்கிவிட்டு, எண் அசையாமல் நிற்கும்வரை, ஒரு கால் மணி நேரமாவது, காத்திருங்கள். 0 காட்ட வேண்டும். 0.3 காட்டினால் அந்த 0.3-ஐச் சென்சாரின் எண்ணோடு எழுதி, மென்பொருளில் கழித்துக்கொள்ளுங்கள். ஐஸ் விலையைத் தவிர வேறு செலவு இல்லை.

போன வருடக் குறிப்போடு ஒப்பிடுங்கள். அதே 0.3 என்றால் பிரச்சினை இல்லை, தொடர்ந்து ஓடட்டும். ஒரே வருடத்தில் அரை டிகிரிக்கு மேல் நகர்ந்திருந்தால் அதைத் திருத்திப் பயன்படுத்தப் பார்க்காதீர்கள், தூக்கிப் போடுங்கள். போடும்போது கம்பியை வெட்டிவிட்டுப் போடுங்கள், இல்லையென்றால் யாராவது எடுத்து நாலாம் நம்பர் ஃபிரிட்ஜில் மாட்டிவிடுவார்கள்.